அமலோற்பவம் பதில் சொல்லவில்லை

சிலுவைத்துறைக் கலைக் கல்லூரியின் முதல்வர் அருட்தந்தை வியாகப்பன், கல்லறைத் திருநாளன்று செத்தவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டிய இடத்தில் படிப்பை விட்டவர்களின் பெயர்களை வாசித்துவிட்டார் என்பதும், வாசிக்கப்பட்ட நாற்பத்தொரு பேரில் ஒருத்தியைத் தவிர மற்ற அத்தனை பேரும் அந்தச் சிலுவைகளுக்கு நடுவிலிருந்தே "உள்ளேன் ஐயா" என்று பதில் சொன்னார்கள் என்பதும் அந்தக் கரையில் யாரும் மறுக்காத சேதி. மறுக்கிறவர்கள் அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள்.

நடந்தது இதுதான். பங்குச் சாமியாருக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டதால், நவம்பர் இரண்டாம் தேதிக் காலைப் பூசையைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கும் பொறுப்பு வியாகப்ப சாமியிடம் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும். அவற்றையெல்லாம் ஒரு நீளமான நோட்டில் வரிசையாக எழுதிவைக்கும் வேலையைக் கல்லூரி அலுவலகத்து சூப்பிரண்டு தனிஸ்லாஸ் இருபது வருடமாகச் செய்துவந்தார், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால். அதே தனிஸ்லாஸ்தான், பத்து நாள் தொடர்ந்து வகுப்புக்கு வராமல் பெயர் அடிக்கப்பட்ட மாணவர்களின் பட்டியலையும் இன்னொரு நீளமான நோட்டில் எழுதிவைத்திருந்தார். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய நோட்டு. இரண்டுக்கும் ஒரே காக்கி அட்டை. இரண்டிலும் மேலே ஒரு சிறிய சிலுவைக்குறி, ஏனென்றால் தனிஸ்லாஸ் சிலுவை போடாமல் சலவைக் கணக்குக்கூட எழுதமாட்டார். முதல்வர் அறை மேசைமேல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, சாமி மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ஊரே மெழுகுவத்தியும் சாமந்திப்பூவுமாக நின்றது. அலை சத்தத்துக்கு மேலே கேட்கும்படியாக வியாகப்ப சாமி முதல் பெயரை வாசித்தார்: "ஜெரோன் மச்சாடோ."

"உள்ளேன் ஐயா" என்றது ஒரு குரல்.

அந்தக் கல்லூரியைத் தொடங்கிய பழைய சாமியார் எல்லாத் துறையிலும், ஆங்கிலத் துறையிலும்கூட, மாணவர்கள் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேலைக்கு வந்த புது ஆசிரியர்கள் முதல் மாதம் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். ஆகவே கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களில் அந்த இரண்டு சொல்லை அறியாதவர் யாருமில்லை. ஆனால் ஜெரோன் மச்சாடோ அந்த நேரத்தில் கொல்லம் துறைமுகத்தில் விசைப்படகில் இருந்தான். குரலோ அவனுடைய தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் வாய் உயரத்திலிருந்து வந்தது, அவனுக்கே உரிய மூக்கடைப்போடு.

சாமி இரண்டாவது பெயரை வாசித்தபோது இரண்டாவது குரல் வந்தது. அப்போதுதான் கையிலிருப்பது எந்த நோட்டு என்று அவருக்குப் புரிந்தது. வேறொருவராயிருந்தால் நோட்டை மூடியிருப்பார். வியாகப்ப சாமி தொடங்கியதை நடுவில் விடுகிற ஆள் இல்லை. அதோடு, பாதியில் நிறுத்தினால் பேர் வாசிக்கப்பட்டவன் செத்தவன், வாசிக்கப்படாதவன் பிழைத்தவன் என்று ஊர் சொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று வாசித்துக்கொண்டே போனார். ஒரு குரல் இருமிக்கொண்டு சொன்னது, ஒரு குரல் எதையோ மென்றுகொண்டு சொன்னது, ஒரு குரல் தூக்கத்திலிருந்து எழுந்து சொன்னது. பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் குரலை இன்னாருடையது என்று கண்டுகொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மெழுகுவத்தியைச் சாய்த்துப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பத்தொன்பதாவது பெயரில் சாமி நின்றார்.

"அமலோற்பவம் பர்னாந்து."

பதில் இல்லை. வாத்தியார்கள் செய்கிற மாதிரி இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். மூன்றாம் முறை மெதுவாகக் கூப்பிட்டார். காற்று மட்டும் வந்தது. அவர் இருபதாவது பெயருக்குப் போக, அதற்கு உடனே பதில் வந்துவிட்டது. அதற்கப்புறமும் கடைசிவரை ஒரு பெயர் தவறவில்லை.

பூசை முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கருவாடு காயவைக்கும் களத்தில் வேலை செய்கிற சலேத்தம்மாள், அமலோற்பவத்தின் தாய். கணக்குப் பாடத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள் போன வருடம் ஆகஸ்டில் பெயர் அடிக்கப்பட்டு, வடக்கே எங்கோ ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். மூன்று மாதமாக அவளிடமிருந்து போன் இல்லை. மில்லில் கேட்டால் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள்.

"எல்லாரும் பதில் சொன்னாவ. எம் மவ ஏன் சாமி சொல்லல?" என்றாள் சலேத்தம்மாள். அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. "செத்தவங்க பேர வாசிக்கிற எடத்துல வச்சு எம் மவ பேர வாசிச்சது நீங்க. நீங்கதான் அவளக் கொண்டாரணும்."

"கொண்டாறேன்" என்றார் வியாகப்ப சாமி. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு கல்லூரியும் ஆயிரத்து நானூறு மாணவர்களும் தலைமேல் இருக்கும்போது, முகவரிகூடத் தெரியாத ஒருத்தியைக் கொண்டுவருவேன் என்று கல்லறைத் தோட்டத்தில் நின்று வாக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்துதான் சொன்னார்.

ஒன்றிரண்டு நாளில் சேதிகள் வந்து சேர்ந்தன. அந்தக் காலை ஏழு இருபதுக்கு, வாசிக்கப்பட்டவர்கள் எங்கெங்கே இருந்தார்களோ அங்கங்கே வாயைத் திறந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லியிருக்கிறார்கள். ஜெரோன் வலையை இழுத்துக்கொண்டே சொன்னான். ஐஸ் பிளாண்டில் ஒருவன் பனிக்கட்டியை அறுத்துக்கொண்டே சொன்னான். நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி மாமனாருக்குக் காப்பி கொடுக்கும்போது சொல்ல, அவர் "யாரும்மா இல்லன்னு சொன்னது?" என்று கேட்டாராம்.

அதோடு முடிந்திருந்தால் ஊர் ஒரு மாதம் பேசிவிட்டு மறந்திருக்கும். மறுநாள் கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போதும் குரல்கள் வந்தன. பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்த எண்ணைத் தாண்டி ஆசிரியர் பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குப் போனால், தாண்டிய இடத்தில் கூப்பிடாமலேயே "உள்ளேன் ஐயா" வந்தது, அவரவர் உட்கார்ந்திருந்த பழைய பெஞ்சிலிருந்து. நான்கு வருடத்துக்கு முன் போனவர்களின் குரலும் அவர்கள் விட்டுப்போன அறைக்கே வந்தது. முதல் வாரம் பிள்ளைகள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், இரண்டாம் வாரம் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் அந்த இடத்தில் பையை வைத்துவிட்டுப் போனார்கள். பைக்கு அடியிலிருந்து குரல் அமுங்கி வருவதைப் பார்த்து, பாவம் என்று பையைத் தரையில் வைக்கவும் பழகிக்கொண்டார்கள்.

ஊரும் தன் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. மீன் விற்கிற பெண்கள் கூடையோடு ஒன்பதரை மணிக்குக் கல்லூரி ஜன்னலோரம் வந்து நின்று, பிள்ளையின் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டுத் தெருவுக்குப் போனார்கள். கல்லூரி வாசலில் டீக்கடை போட்டிருந்தவர் அந்த நேரத்தில் ரேடியோவை அணைத்துவைத்தார். ஒரு தகப்பன் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலிப் பெஞ்சைப் பார்த்து, "ஏலே, வீட்டுக்கு ஒரு போன் போட ஒனக்கு நேரமில்ல, இங்கன மட்டும் தெனமும் வந்து உள்ளேன்ங்கியோ!" என்று சத்தம் போட்டார். மறுநாள் அவனும் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டான்.

கூட்டத்தில் சலேத்தம்மாளும் தினம் வந்தாள். இரண்டாம் வருடக் கணக்கு வகுப்பின் ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். அந்த வகுப்பின் முதல் மணி வியாகப்ப சாமியுடையது. முதல்வரான பிறகும் ஒரு வகுப்பை அவர் விடவில்லை. போன வருடம் சிவப்பு மையால் அடித்து, இந்த வருடப் பதிவேட்டிலும் அப்படியே ஏறியிருந்த அந்த எண்ணை அவர் ஒரு நாளும் தாண்டிப் போகாமல் "அமலோற்பவம் பர்னாந்து" என்று கூப்பிட்டு, பத்து எண்ணும் நேரம் காத்திருந்து, பிறகு அடுத்த பெயருக்குப் போவார். ஜன்னலுக்கு வெளியே சலேத்தம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு களத்துக்கு நடப்பாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை, சொல்ல வேண்டியது முன்பே சொல்லப்பட்டுவிட்டதால்.

தனிஸ்லாஸ்தான் இளைத்துப்போனார். "சாமி, நம்ம பதினோராம் விதிய எடுத்துப் பாத்தேன். பேர் கூப்பிட்டப்போ பதில் சொன்னவன் வந்தவன்னு இருக்கு. ஒடம்போட வரணும்னு எங்கயும் போடல. ஆனா பேர் அடிச்சவனுக்கு வருகை போட்டா பல்கலைக்கழகத்துக்கு என்ன சொல்றது?"

"என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"பென்சில்ல ஒரு புள்ளி வச்சிருக்கேன் சாமி. வந்தான்னும் இல்ல, வரலன்னும் இல்ல."

"நல்ல காரியம்" என்றார் சாமி.

டிசம்பரில் ஆயர் இல்லத்திலிருந்து மறைமாவட்ட முதன்மைக் குரு விசாரணைக்கு வந்தார். வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று குரல்களைத் தம் காதாலேயே கேட்டுவிட்டு, முதல்வர் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"இது அற்புதமா, பசாசின் வேலையா, ஃபாதர்? ஆயர் ஆண்டவருக்கு நான் ஒரு வரி எழுதணும்."

"வருகைப் பதிவு, ஃபாதர்" என்றார் வியாகப்பன்.

"விளையாடாதீங்க. அந்த நோட்டைக் கிழிச்சு எரிச்சிட்டா சத்தம் நின்னுடும்னு எனக்குத் தோணுது. மே மாசம் மாற்றல் பட்டியல் வரும்போது உங்க பேர் அதுல இல்லாம பாத்துக்கிறது என் பொறுப்பு."

"நோட்டை எரிக்கிறதுன்னா அதில இருக்கிறவங்களை ரெண்டாம் தடவை அடிக்கிறதா ஆயிடும். மாற்றல் வந்தா போறேன். அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

அந்த வேலையை அவர் சனிக்கிழமைதோறும் செய்தார். கறுப்புத் தோல் பையில் மாற்றுத் துணி ஒன்றும் சேர்க்கைப் படிவங்களும் வைத்துக்கொண்டு, விடியும்போது முதல் பஸ்ஸைப் பிடித்து, கொல்லத்துக்கும் திருப்பூருக்கும் ராமேசுவரத்துக்கும் போனார், இன்ன ஊர் என்றில்லாமல் யாருக்காவது தெரிந்த ஊருக்கெல்லாம் போனார். முழங்கால் வலித்தது. பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஆளைக் கண்டுபிடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒன் குரல் அங்க தெனமும் வந்துட்டே இருக்கு. நீயும் வாறியா?" என்று மட்டும் கேட்பார், அப்புறம் "அமலோற்பவத்த எங்கயாவது பாத்தியா?" என்று கேட்பார். சிலர் அன்றே கூட வந்தார்கள். வந்தவன் பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தக் குரல் அவன் வாய்க்குள் போய்ச் சேர்ந்துகொண்டது, தொண்டை மட்டும் இரண்டு நாள் கரகரப்பாக இருக்குமாம். சிலர் வரமாட்டேன் என்றார்கள். ஜெரோன் தன் படகைக் காட்டி, "எனக்கு இதுதான் சாமி பிடிச்சிருக்கு. அங்கன என் பேர அடிச்சிருங்க" என்றான். சாமி அவன் கண் முன்னாலேயே நோட்டை எடுத்து அடித்தார். திங்கட்கிழமை அந்தப் பெஞ்சில் சத்தம் இல்லை, ஜெரோனின் அம்மா மட்டும் கொஞ்ச நாள் ஜன்னலுக்கு வந்துபோனாள்.

இப்படி இருபது பேர், இருபத்தைந்து பேர் என்று கண்டுபிடிக்கப்பட்டார்கள். அமலோற்பவத்தைப் பார்த்தவர் யாருமில்லை. தவக்காலம் தொடங்கியது. ஊர்க் கமிட்டியார் ஐந்து பேர் வெள்ளை வேட்டியோடு முதல்வர் அறைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"சாமி, உசிரோட இருக்கிறவுக எல்லாரும் பதில் சொல்லிட்டாவ. அந்தப் புள்ள மட்டும் சொல்லல. அதுக்கு என்ன அர்த்தம்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றார் தலைவர். "சலேத்து வீட்டுல ஒரு நல்லது கெட்டது செய்ய முடியாம நாலு மாசமா அந்தரத்துல நிக்கா. குருத்து ஞாயிறுக்கு முன்னால இளைப்பாற்றிப் பூசை ஒண்ணு வச்சிருவோம். ஆத்துமா அடங்கட்டும்."

"நான் வைக்கமாட்டேன்."

"அவ இருக்கான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருசமா வருகை எடுக்குதேன் அண்ணாச்சி. வராததுக்கும் செத்ததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அவர்கள் போன பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது, தெரியாது என்று அவருக்கே தோன்றியது. பயமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை. தினமும் கூப்பிடுகிற பெயருக்கு ஒரு முகம் கிடைக்காதது அவருக்கு வெட்கமாக இருந்தது. குருத்து ஞாயிறுவரை இன்னும் நான்கு சனிக்கிழமை இருந்தது. பங்குச் சாமியார் பூசைக்குச் சம்மதித்துவிட்டார் என்று தனிஸ்லாஸ் வந்து சொன்னார்.

மூன்றாவது சனிக்கிழமையில் சாமி, பட்டியலில் முப்பத்து மூன்றாவதாக இருந்த பிலோமியைத் தேடி ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதிக்குப் போனார். பிலோமி வரலாறு படித்தவள், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். அமலோற்பவம் என்று யாரையும் தெரியாது என்றாள். எழுந்து வாசல்வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"சாமி, அடுத்த மில்லுல ராணின்னு ஒருத்தி இருக்கா. யார் கூடயும் பேசமாட்டா. கட்டிலுக்குப் பக்கத்துச் சொவரு பூரா கரிக்கட்டிய வச்சுக் கணக்காப் போட்டு வச்சிருக்காளாம். வார்டன் ரெண்டு தடவ வெள்ளையடிச்சும் நிறுத்தலியாம். தெனமும் காலைல ஒம்பதரை மணிக்கு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு நிப்பாளாம், மெஷினு பக்கத்துல. சூப்பர்வைசர் திட்டினாலும் எடுக்கமாட்டாளாம்."

வியாகப்ப சாமி அங்கிருந்து ஆட்டோ பிடிக்கக்கூட நிற்காமல் நடந்தார். இரண்டு கிலோமீட்டர், நல்ல வெயில். அந்த மில்லின் வாசலில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு ஷிப்ட் மாறும்போது பதினைந்து நிமிடம் தருவார்கள். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நீல மேல்சட்டையும் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியுமாக ஒரு பெண் வந்து அவருக்கு எதிரே நின்றாள், உட்காரவில்லை.

"யாரப் பாக்க வந்திருக்கிய?"

"அமலோற்பவத்த."

"அப்பிடி இங்க யாரும் இல்ல சாமி. ராணிதான் இருக்கா."

"அஞ்சு மாசமா தெனமும் கூப்பிடுதேன்."

"கேட்டுச்சு" என்றாள் அவள். "மெஷின் சத்தத்துலயும் கேட்டுச்சு. அன்னைக்குக் கல்லறையில மூணு தடவ கூப்பிட்டிய, அதுவும் கேட்டுச்சு. வாய் தானா தெறக்கும். நான் பொத்திக்கிட்டேன்."

நாற்பது பேரால் முடியாததை இவள் இரண்டு கையால் செய்திருக்கிறாள் என்பதை வியாகப்ப சாமி புரிந்துகொண்டார். பிடிவாதத்தில் தனக்குச் சமமான ஒரு ஆளை அவர் அதுவரை கண்டதில்லை.

"ஏன்?" என்று கேட்டார்.

"நெசமாவே ஞாபகம் இல்லியா?"

"இல்ல" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"எப்பிடி இருக்கும்? பாத்தாத்தான ஞாபகம் இருக்கும்." அவள் குரல் உயரவில்லை. "எங்கம்மாவுக்கு மஞ்சக்காமால. இருவத்திரெண்டு நாள் ஆசுபத்திரில கெடந்தா, நான்தான் கூட இருந்தேன். லெட்டர் எழுதி எடுத்துக்கிட்டு ஒங்க ரூமுக்கு வந்தேன். ஆய்வுக் குழு வரப்போவுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்திய. 'சாமி, நான் வந்துட்டேன்'னு சொன்னேன். 'பேர் அடிச்சாச்சு'ன்னிய. நிமிரல. நான் லெட்டர மேசையில வச்சேன், நிமிரல. வாச தாண்டுறது வரைக்கும் மெதுவா நடந்தேன் சாமி, இப்ப நிமிருவிய, இப்ப நிமிருவியன்னு. ஒங்க வகுப்புல மொத மார்க் நான்தான் வாங்கினேன். வந்து நிக்கிறவள இல்லன்னு சொல்லிட்டு, இல்லாதவள வா வான்னு கூப்பிட்டா நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

கொட்டகையில் வேறு யார் யாரோ தங்கள் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகப் பிறருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட மனிதர், தன் முறை வந்தபோது எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சேர்க்கைப் படிவங்களை வெளியே எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். தேர்ச்சி விகிதத்தைத் தொண்ணூறுக்கு ஏற்றியவர் என்று அவருக்கு மாலை போட்டிருந்தார்கள். அந்தத் தொண்ணூறு எப்படி வந்தது என்று அவர் அதுவரை யோசித்ததில்லை.

"தப்பு எம்மேலதான்" என்றார் கடைசியில். "விதி மேலயும் இல்ல, தனிஸ்லாஸ் மேலயும் இல்ல. என்ன மன்னிச்சிரும்மா. மன்னிக்க முடியாட்டி மன்னிக்க வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போட்ரு. ஒனக்கு இளைப்பாற்றிப் பூசை வைக்கப்போறாவ."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "எனக்கா? இங்க போன் வச்சிக்கிட விடமாட்டாவ, மில்லு மாறினத எங்கம்மாட்ட வார்டன் ஆள் அனுப்பிச் சொல்லுதேன்னு சொன்னாளே!" சாமி நீட்டிய போனை வாங்கி எண்ணை அழுத்தியவள், மணி அடித்து எடுத்ததும் பேச்சு வராமல் நின்றாள். பிறகு சலேத்தம்மாளின் குரல் சாமிக்கும் கேட்கும்படியாக வந்தது: "மூச்சு விடுதத வச்சே தெரியுது. சாப்புட்டியாளா?" அதற்கப்புறம் இருவரும் அழுதார்கள். சாமி எழுந்துபோய் வெயிலில் நின்றுகொண்டார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கண்ணைத் துடைத்திருந்தாள். "வாறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. நான் உள்ளேன்னு சொல்லமாட்டேன். பாஸ் பண்ணி வெளிய போறது வரைக்கும் ஒரு நாளும் சொல்லமாட்டேன். நான் இருக்கேனா இல்லையான்னு நீங்கதான் நிமிந்து பாத்துக்கிடணும்."

"பதினோராம் விதியில பதில் சொல்லணும்னு இருக்கே" என்று வாய்வரை வந்ததை வியாகப்ப சாமி விழுங்கிவிட்டு, "சரி" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலமே பூசை நிறுத்தப்பட்டது. கமிட்டித் தலைவர் வாழைத்தார் ஒன்றைச் சலேத்தம்மாள் வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். தனிஸ்லாஸ் மட்டும் ஞாயிறு பூசை முடிந்ததும் வழிமறித்தார்: "சாமி, பருவம் முடிய மூணு வாரம்தான் இருக்கு. ஜூன்லதான் சேக்க முடியும்."

"ஜூன்ல சேருங்க. நாளைக்கு வந்து உக்காரட்டும்."

"பதில் சொல்லமாட்டேன்னு சொல்லுதாளாமே! அதுக்கு நான் என்ன புள்ளி வைக்கிறது?"

"ஒண்ணும் வைக்காதீங்க. அத நான் பாத்துக்கிடுதேன்."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு இரண்டாம் வருடக் கணக்கு வகுப்பு நிறைந்திருந்தது, ஜன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். சலேத்தம்மாள் குத்துக்காலிட்டு உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியாகப்ப சாமி பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டார், பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன, அவர் பேனா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனது.

"அமலோற்பவம் பர்னாந்து."

வெளியே டீக்கடைக்காரர் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவர் பேனாவை மேசையில் வைத்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், நிமிர்ந்தார். இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், உதடுகளை மூடிக்கொண்டு அவரையே பார்த்தபடி. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அகலமான நெற்றி, அம்மாவினுடைய அதே தாடை. தலைமுடியில் ஒரு இழைப் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்வையை விலக்கவில்லை. அவரும் விலக்காமல், இனி எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும் என்கிற அளவுக்குப் பார்த்தார். பிறகு குனிந்து, சிவப்புக் கோட்டுக்கு மேலே, வந்தாள் என்று எழுதினார்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பையன் உடனே பதில் சொல்லிவிட்டான். இருந்தாலும் நிமிர்ந்து பார்த்தார்.